பல்லிக்குப் பயந்த பேயோட்டி

அவருக்குப் பல்லி என்றால் பயம். நாய் என்றால் பயம். ஊசி, இடி, மோட்டார் சைக்கிளின் பின் இருக்கை, பிஷப்பான ஆயரின் இல்லத்திலிருந்து வரும் போன், உரக்கப் பேசும் ஆட்கள், எல்லாவற்றுக்கும் பயம். இப்படிப்பட்ட மனிதரைத்தான் பேயோட்டுவதற்கென்று அந்த மறைமாவட்டத்தில் நியமித்து வைத்திருந்தார்கள். அந்த யோசனை யாருக்குத் தோன்றியதோ தெரியாது. யாராக இருந்தாலும் அவர் கெட்டிக்காரர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச்சாமியார் அவர். ஆரணிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அறுபது வயதிருக்கும். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் பயப்படுவார்.

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். வெளிநாட்டுச் சேனல் ஒன்றுக்காக, உண்மையில் நடக்கும் ஒரு பேயோட்டுதலை ஆவணப்படமாக எடுக்க ஓர் இளம் இயக்குநர் கிளம்பினார். கேமராவுக்கு ஒருவர், சத்தத்துக்கு நான். பன்னிரண்டு நாள் வேலை. தினமும் திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, ஷிப்டுக்குப் போகும் கூட்டத்தில் மைக் பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். பேய் படம் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி நம்பவும் மாட்டாள், விடவும் மாட்டாள்.

முதல் நாள் நாங்கள் போய் இறங்கியபோது சாமியார் சாப்பாட்டு அறையில் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்குச் சமையல் செய்யும் பிலோ அக்கா துடைப்பத்தோடு மேசைக்கடியில் குனிந்திருந்தார்.

“வாங்க வாங்க, குந்துங்க,” என்று பெஞ்சு மேலிருந்தே வரவேற்றார். “ஒரு நிமிசம். அது வெளிய போயிட்டா எறங்கிடுவேன்.”

“பல்லி அப்பவே போயிடுச்சு ஃபாதர்,” என்றார் பிலோ அக்கா.

“நீ பாத்தியா? கண்ணால பாத்தியா?”

“வாலு மட்டும்தான் இங்க கீது.”

வால் என்றதும் இன்னும் கொஞ்சம் மேலே ஏற இடம் இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் இயக்குநர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தாடியும் கூர்மையான கண்ணுமாக ஒரு சாமியாரை மனதில் வரைந்துகொண்டு வந்தவர். கிடைத்தவருக்கோ ஐந்தடி உயரம், சின்னத் தொப்பை, ஒரு பக்கம் சாய்ந்த மூக்குக் கண்ணாடி. பிலோ அக்கா துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு எங்களிடம் சொன்னார்: “பேய ஓட்டறது அவரு. பல்லிய ஓட்டறது நானு. அவுருக்காவது எப்பவோ ஒண்ணு வருது. எனுக்கு தெனம் வேலை.”

தன் பயத்தை அவர் ஒளித்ததே இல்லை. காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது போல, “எனுக்கு பயம்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். தெருமுனையில் நாய் நின்றால், அந்த வழியாக யாராவது வரும்வரை காத்திருந்து, அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே மறுபக்கமாக நடந்துவிடுவார். இதனாலேயே அந்தத் தெருவில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. இந்து வீட்டுக்காரர்கள்கூட ஜன்னலிலிருந்து, “ஃபாதரே, நாய் போயிடுச்சு, வரலாம்,” என்று குரல் கொடுப்பார்கள்.

அவர் அங்கியில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிடுவேன். கம்பியில்லாதது. காலையில் குத்தினால் மாலையில்தான் கழற்றுவேன். அவர் எங்கே போனாலும் அவர் பேசுவது என் காதில் விழும். முதல் அரைமணி நேரம் எல்லோருமே அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு செந்தமிழ் பேசுவார்கள். பிறகு மறந்துவிடுவார்கள். இவர் ஐந்தே நிமிடத்தில் மறந்துவிட்டார்.

ஒருநாள் நோயாளி ஒருவருக்கு நற்கருணை அப்பம் கொடுக்க அவரை இரவல் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். பக்கத்தில் லாரி வரும்போதெல்லாம் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பித்துவிடுவார். லாரி தாண்டியதும் நிறுத்திவிட்டு, “மெதுவா போப்பா, ஆண்டவருக்கு ஒண்ணும் அவசரமில்ல,” என்பார். அடுத்த லாரிக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மூன்று கிலோமீட்டரில் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிந்துவிட்டது. அந்தச் சாலையில் லாரிக்கா பஞ்சம்?

பேய் என்று வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். எந்த ஷிப்டு, பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், வீட்டில் யார் யார், எந்த டாக்டரைப் பார்த்தாய், என்ன மாத்திரை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். மலை மாதிரி ஆள். இடது காதுக்குள் ஒருத்தி பாடுகிறாள் என்று சொல்லி அழுதார். சாமியார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இன்னா பாட்டு?”

“தெரியல ஃபாதர். வார்த்த இல்ல. உம்ம்ம்னு ராகம் மட்டும்.”

“வலது காதுல?”

“அதுல இல்ல.”

“பேய்க்கு ஒரு காது போதும்னு இருக்காதே,” என்று யோசித்து, திருவள்ளூரில் காது டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அந்த ஆள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். காதிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு குறும்பி எடுத்தார்களாம். பாட்டு நின்றுவிட்டதாம். “ஆனா இப்ப மிஷின் சத்தம் முழுசா கேக்குது ஃபாதர். அந்தப் பாட்டே தேவலாம்போல கீது,” என்றார். சாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேமராமேன் சிரித்ததில் படம் ஆடிவிட்டது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. வந்து ஒரு வாரம் ஆகப் போகிறது, கையில் பேய் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர்தான் ஒருநாள் கேட்டார்: “இவ்வளவு பயப்படுறீங்களே ஃபாதர், பேயைப் பார்த்தா மட்டும் பயமில்லையா?”

“பயமில்லாம? அதுக்குத்தான் பெரிய பயம்,” என்றார். “பயப்படாதவன் இந்த வேலைக்கு வரக் கூடாதுப்பா. பயப்படாதவன் கைய ஓங்கிடுவான். வேப்பிலையால அடிச்சி, மொளகாப் புகை போட்டு, முடியப் புடிச்சி இழுத்து… நான் பாத்துகீறேன். எங்க ஊர்ல எங்க சித்தியவே அப்டி அடிச்சாங்க. ஓட்டனவன் கொஞ்சம்கூட பயப்படல.” சிரிக்காமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இனி என்னைத் தவிர எங்களில் யாருக்கும் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் நாள் காலை, பூசைக்கு உடுப்பு மாற்றும் அறையில் அவர் தனியாக இருந்தார். நான் வெளியே வேப்பமரத்தடியில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒலி அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காதில் அவர் குரல் கேட்டது.

“தம்பி, மன்னிச்சிக்கோ. பேய் ஓட்டறப்ப கேமரா உள்ள வரக் கூடாது. திருச்சபை சட்டம் அப்டி.” இழுப்பறை திறந்து மூடும் சத்தம். “இல்ல, சட்டம்னா கோச்சிப்பான்.” ஒரு இருமல். “தம்பி, இன்னா விசயம்னா… நீ போன்ல கேட்டப்பவே மாட்டேன்னு சொல்லியிருக்கணும்…” பிறகு திடீரென்று, “முடியாதுன்னா முடியாது!” உடனே தணிந்த குரலில், “ஐயய்யோ, கத்திட்டனா?”

கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது. இன்னொன்றும் புரிந்தது. எங்களுக்கு அனுமதியே கிடையாது. போனில் இயக்குநர் கொஞ்சம் அதட்டலாகப் பேசியிருப்பார், இவர் பயத்தில் சரி சரி என்று சொல்லியிருப்பார். அதை நம்பி நாங்கள் பெட்டி பெட்டியாகச் சாமானோடு வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

கதவு திறந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு இயக்குநரிடம் நேராகப் போனார்.

“தம்பி, ஒரு விசயம்.”

“சொல்லுங்க ஃபாதர்.”

“மத்தியானத்துக்கு… மீன் கொழம்பு. உங்களுக்கு ஓகேதான?”

அடுத்த நாள் இறால். அதற்கடுத்த நாள் நண்டு. மாட்டேன் என்று சொல்ல வரும் ஒவ்வொரு முறையும் எங்களுக்கு ஒரு குழம்பு கிடைத்தது. பிலோ அக்கா பேஜாராகி, “இவருக்கு இன்னா ஆச்சி, ஈஸ்டருக்குக்கூட இவ்ளோ செய்யல,” என்று புலம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் படம் நின்றுவிடும் என்ற சுயநலம் பாதி. மீதி, அந்த மனிதர் எப்படித்தான் சொல்லப் போகிறார் என்று பார்க்கும் ஆசை.

பத்தாம் நாள் காலை அந்தப் பெண் வந்தாள். அவளுக்குப் பேயோட்ட ஆயரிடமிருந்து எழுத்தில் அனுமதி வந்திருந்தது. டாக்டர்கள் பார்த்தாயிற்று, மாத்திரையும் சாப்பிடுகிறாள். ஆனாலும் மாதக்கணக்கில், சிலுவையைக் கண்டாலே அவள் குரல் அல்லாத ஒரு குரலில் கத்துகிறாள், பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை என்கிறாள். பேயா நோயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருபத்தேழு வயது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கூடவே கணவன் வந்திருந்தான். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் பிள்ளை. அவனிடம் இயக்குநர் படம் பிடிக்கச் சம்மதம் என்ற தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

அவள் விளக்குகளைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சாமியாரிடம் போனாள்.

“படம் புடிக்கறாங்களா ஃபாதர்?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார்.

“டிவில வருமா? லைன் ஊட்டுல எல்லாரும் பாப்பாங்க. கம்பெனில பாப்பாங்க. என்ன இன்னா வேணா சொல்லட்டும் ஃபாதர். எம் பொண்ணு ஒண்ணாவது படிக்குது. அத பேய்ப் பொண்ணுன்னு கூப்புடுவாங்க. காலத்துக்கும் கூப்புடுவாங்க.”

எனக்கு ஹெட்போனில் ஒரு சரசரப்புக் கேட்டது. மைக் கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அவர் அங்கி நடுங்குகிற சத்தம்.

அவர் இயக்குநர் முன்னால் போய் நின்றார். ஒத்திகை பார்த்த எதையும் அவர் சொல்லவில்லை.

“தம்பி, எனுக்கு உன்னப் பாத்தா பயமா கீது,” என்றார். “மொத நாள்லேர்ந்து பயம். அதனாலதான் சரின்னேன். தப்பு என்னுது. உன் நேரத்த வீணாக்கிட்டேன். ஆனா கேமரா உள்ள வராது.”

இயக்குநர் சிவந்துபோனார். “பத்து நாள் கழிச்சு இதைச் சொல்றீங்களா? கையெழுத்து வாங்கியாச்சு ஃபாதர். முகத்தை வேணா மறைச்சுக்கறோம்.”

“கொரல?”

“நான் ஆயர்கிட்ட பேச வேண்டியிருக்கும்.”

ஆயர் என்றதும் சாமியார் ஒரு அடி பின்வாங்கினார். நான் சத்தியமாக, நண்டுக் குழம்பு வரப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

“பேசு. ஆயரப் பாத்தாலும் எனுக்கு பயம்தான்,” என்றார். “எல்லாரையும் பாத்தா பயம். ஆனா அந்தப் பொண்ணு பயப்படுது பாரு, எம் பயம்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமேயில்ல.” கணவனின் கையெழுத்துத் தாளை மேசையிலிருந்து எடுத்தார். நான்காக மடித்து அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஊதா நிறத் தோள்துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளையும் கணவனையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது. அதற்குள் கதவு மறுபடி திறந்து அவர் தலை மட்டும் வெளியே வந்தது.

“பிலோ அக்கா, உள்ள பல்லி கீதான்னு ஒரு தபா பாத்துடு.”

பிலோ அக்கா துடைப்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு, “இல்ல, போங்க,” என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு, தானும் கூடவே நின்றுகொண்டார். கதவு சாத்திக்கொண்டது. இந்த முறை தாழ்ப்பாள் விழுந்தது.

நான் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவர் மைக்கை மறந்துவிட்டார். எல்லாமே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பதிவும் ஓடிக்கொண்டிருந்தது.

“பயமா கீதாம்மா?” என்று கேட்டார்.

“ஆமா ஃபாதர்.”

“எனுக்கும்தான். வா, ரெண்டு பேருமா ஆரம்பிப்போம்.”

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். நல்ல மூளைக்காரர். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் உறைத்துவிட்டது. “மைக் அவர்மேலதானே இருக்கு?” என்றார் மெதுவாக. “சவுண்டாவது வருதா?”

எங்கள் தொழிலில் ஒரு மானப் பிரச்சினை உண்டு. எதை மறந்தாலும் பேட்டரியை மறக்கக் கூடாது. காலையில் புதுசு, மதியம் புதுசு. பேட்டரி தீர்ந்து பதிவை விட்டவன் என்று பெயர் வந்தால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். நான் பதிவை நிறுத்தினேன். அவர் கதவைச் சாத்திய பிறகு பதிவானதை அழித்தேன். ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு சொன்னேன்.

“பேட்டரி போச்சு சார்.”

அன்று நான் வாங்கிய திட்டை எங்கள் தொழிலில் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். பெற்றவர்களையும் விடவில்லை. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உள்ளே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நடுவில் சுவரைத் தாண்டி ஒரு கத்தல் கேட்டது. அதற்குப் பின்னாலேயே சாமியாரின் குரலும் உரக்கக் கேட்டது, நடுங்கியபடி, நிற்காமல். இரண்டு மணி நேரம் கழித்து அவள் முகம் கழுவிய ஈரத்தோடு வெளியே வந்து, பசிக்கிறது என்றாள். சாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கும் பசிக்கிறதாம். பிலோ அக்கா அன்று எதுவும் சமைத்திருக்கவில்லை. எல்லோரும் பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டோம், இயக்குநர் உட்பட.

அதன் பிறகு அவள் ஆறு முறை வந்து போனாள் என்றும், மாத்திரையை நிறுத்தாதே என்று ஒவ்வொரு முறையும் சாமியார் சொல்லி அனுப்பினார் என்றும், பிறகு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள் என்றும் பிலோ அக்கா போனில் சொன்னார். இயக்குநர் ஆயரிடம் பேசவில்லை. சில மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தவர், கையில் இருந்ததை உட்கார்ந்து பார்க்கும்போது தானே சிரித்துவிட்டாராம். அவர் எடுத்து முடித்தது வேறு படம். முழுக்க இந்த மனிதரும் இவருடைய பயங்களும். சேனல்காரர்களுக்கும் பிடித்துப்போயிற்று.

அடுத்த வருஷம் கோயில் திருவிழா வாரத்தில், ஒருநாள் மாலை, பங்கு மண்டபத்தில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்தவர்கள், தெருக்காரர்கள் எல்லோருமாக நிற்க இடமில்லை. பைக்கில் போகும் காட்சிக்கு நாற்காலிகள் ஆடின. காதுப் பாட்டுக்காரர் எழுந்து நின்று, “அது நான்தான்!” என்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். சாமியார் கடைசி வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடி, விரலிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முன் வரிசையில் அந்தப் பெண் இருந்தாள். மடியில் மகள். நல்ல புடவை, தலை நிறைய பூ. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவள்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படத்தின் கடைசியில் அந்தக் கதவு மூடுகிறது. ஒரு பெண்ணுக்காகச் சாமியார் உள்ளே போனார் என்று மட்டும் எழுத்து வருகிறது. முகம் கிடையாது, குரல் கிடையாது, பெயர் கிடையாது. மண்டபம் கப்பென்று அடங்கியது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் தோளை இடித்தார்.

“ஏம்மா, உள்ள கீற பொண்ணு யாரு? நம்ம லைன் ஊட்டுப் பக்கமா?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரோக்கா,” என்றாள். “யாரா இருந்தா இன்னா, இப்ப நல்லாகீறா இல்ல?” சொல்லிவிட்டு, மகளின் அவிழ்ந்த ரிப்பனை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.